வழியில் நிற்கும் பிக்கப் வண்டி: கிராங்க் சென்சார், கேம் சென்சார் சோதிப்பதும் மாற்றுவதும்

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



இன்று பயிரைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. விளைந்த பொருளைச் சந்தையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிக்கப் வண்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒட்டன்சத்திரத்துக்குப் போகிற தக்காளியானாலும் சரி, தோவாளைக்குப் போகிற பூவானாலும் சரி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. வழியில் வண்டி நின்று மூன்று மணி நேரம் தாமதமானால், நாலு மாதப் பாடுபட்ட பலன் அங்கேயே வாடிப் போகும்.

சில வண்டிகளில் ஒரு விசித்திரமான கோளாறு வரும். காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். இருபது, முப்பது மைல் ஓடி என்ஜின் சூடானதும், யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று நின்றுவிடும். செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றும், ஆனால் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். டீசல் ஃபில்டரை மாற்றுவார்கள். அப்புறம் பம்ப்பைக் கழற்றுவார்கள். அப்புறம் இன்ஜெக்டரைக் கழற்றுவார்கள். பணம் தண்ணீராய்ச் செலவாகும், கோளாறு மட்டும் போகாது. கடைசியில் பார்த்தால், கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு சின்னச் சாமானில் கோளாறு இருந்திருக்கும். அதுதான் கிராங்க் சென்சார். அதற்குக் கூட்டாளி கேம் சென்சார். இரண்டையும் சேர்த்து, என்ஜின் நிலையைக் கண்டு சொல்லும் உணர் கருவிகள் என்று சொல்லலாம்.

எந்த வண்டியில் இது உண்டு?

பழைய டீசல் வண்டிகளில் டீசல் பம்ப்பை என்ஜினே பல்சக்கரம் மூலம் சுற்றும். எந்த சிலிண்டருக்கு எப்போது டீசல் போக வேண்டும் என்பதைப் பம்ப்பே பார்த்துக் கொள்ளும். அந்த வண்டிகளுக்கு இந்தப் பேச்சு தேவையில்லை.

காமன் ரெயில் என்ஜின் வந்த பிறகு முறை மாறிவிட்டது. புகைக் கட்டுப்பாட்டுக்கான பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரல் 1 முதலும், பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரல் 1 முதலும் நாடு முழுவதும் அமலுக்கு வந்தன. இப்படி வந்த டீசல் பிக்கப்புகளில் பெரும்பாலும் டீசலைத் தெளிக்கும் நேரத்தைக் கணக்குப் பார்ப்பது ஒரு கம்ப்யூட்டர் பெட்டிதான். மெக்கானிக்குகள் இதை ஈ.சி.எம். அல்லது ஈ.சி.யூ. என்பார்கள். இந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. என்ஜினுக்குள் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் இந்த இரண்டு சென்சார்களின் வேலை.

இரண்டு சென்சார் எதற்கு?

கிராங்க் தண்டோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றும். பல என்ஜின்களில் அதில் 60 பல்லுக்கு இடம் இருக்கும். ஆனால் 58 பல்தான் வைத்திருப்பார்கள், இரண்டு பல் இடம் காலி. சீப்பில் ஒரு இடத்தில் பல் உடைந்திருந்தால், விரலால் தடவும்போதே அந்த இடம் தெரிந்துவிடும், இல்லீங்களா? அதே மாதிரி, சென்சார் முன்னால் ஒவ்வொரு பல்லாகக் கடந்து போகும்போது காலி இடம் வந்ததும் கம்ப்யூட்டருக்கு அடையாளம் கிடைத்துவிடும். அங்கிருந்து பல்லை எண்ணினால் பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கிறது, என்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று இரண்டும் தெரிந்துவிடும். ஒரு பல்லுக்கு 6 டிகிரி கணக்கு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் என்ஜின் நாலு ஸ்ட்ரோக் என்ஜின். பிஸ்டன் மேலே வருவது இரண்டு காரணத்துக்காக: ஒரு தடவை காற்றை அமுக்குவதற்கு, இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளுவதற்கு. டீசல் தெளிக்க வேண்டியது அமுக்கத்தின் போதுதான். கிராங்க் சென்சாருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகையால் கேம் தண்டைப் பார்க்கிற சென்சார், "இது அமுக்கம், இது புகை" என்று பிரித்துச் சொல்லிவிடும்.

வேகத்தையும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒரு வினாடிக்கு 50 சுற்று. நாலு சிலிண்டர் என்ஜினில் ஒரு வினாடிக்கு 100 தடவை டீசல் எரிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் நேரம் தவறக் கூடாது. சென்சார் சொல்வது ஒரு கணம் நின்றாலும் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். அதனால்தான் சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி என்ஜின் நிற்கிறது.

கோளாறின் அடையாளங்கள்

கிராங்க் சென்சார் போனால் செல்ஃப் நன்றாக அடிக்கும், என்ஜின் பிடிக்காது. செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் அது கொஞ்சமாவது அசைய வேண்டும். பூஜ்யத்திலேயே செத்த மாதிரிக் கிடந்தால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் கொள்ளலாம். சூட்டில் நின்று, ஆறியதும் ஓடுவதும் இதன் அடையாளம்தான். சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரியும்போது விட்டுப் போகும், ஆறியதும் திரும்ப ஒட்டிக் கொள்ளும்.

கேம் சென்சார் போனால் அடையாளம் வேறு. பல வண்டிகளில் ஓடிக் கொண்டிருக்கிற என்ஜின் ஓடிக் கொண்டே இருக்கும். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் வெகு நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. இரண்டிலும் பெரும்பாலும் டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும்.

சென்சார் வாங்கப் போகும் முன்

இந்த உரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சென்சார் கெட்டது மாதிரித் தெரிகிற கோளாறு எல்லாம் சென்சார் கோளாறு அல்ல. ஆகவே வரிசையாகப் பாருங்கள்.

முதலில் பேட்டரி. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியையும் எர்த்து வயரையும் பாருங்கள். என்ஜின் மெதுவாகச் சுற்றினால் நல்ல சென்சாரின் சைகையும் பலவீனமாகத்தான் வரும்.

இரண்டாவது டீசல். டாங்கில் டீசல் இருக்கிறதா, ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, ஏர் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சாவியைப் போட்டதும் திருட்டுத் தடுப்பு விளக்கு சிமிட்டிக் கொண்டே இருந்தால் கோளாறு சாவிப் பக்கத்தில் இருக்கலாம்.

மூன்றாவது ஸ்கேனர். இப்போது சின்ன ஊர்ப் பட்டறைகளில்கூட ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். பி 0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் வழி. பி 0340 என்று வந்தால் கேம் சென்சார் வழி. "வழி" என்று சொல்வதைக் கவனியுங்கள். அந்த எண் "சென்சாரை மாற்று" என்று சொல்லவில்லை. சென்சார், கப்ளர், வயர், கம்ப்யூட்டர் இந்த வழியில் எங்கோ கோளாறு என்றுதான் சொல்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டார்தான் கெட்டது என்று அர்த்தமா? வழியில் எங்காவது உடைப்பு இருக்கலாம் அல்லவா? அதே மாதிரிதான் இதுவும்.

நாலாவது வயரும் கப்ளரும். நம் வண்டிகளில் இங்கேதான் அதிகம் கவனிக்க வேண்டும். ஏன்னா நெல், கடலை ஏற்றுகிற வண்டியை எலி தேடி வரும். ராத்திரி சூடாக இருக்கிற என்ஜினில் ஏறி வயரைக் கடித்துவிடும். உர மூட்டை ஏற்றுகிற வண்டியில் உப்புப் படிந்து கப்ளர் ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் கப்ளருக்குள் ஈரம் இறங்கும். வயர் என்ஜினில் உரசித் தோல் போயிருக்கும். சாவியை எடுத்துவிட்டு, கப்ளரைக் கழற்றி, ஊசிகள் வளைந்திருக்கிறதா, களிம்பு இருக்கிறதா, ஆயில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரச் சாமான் சுத்தம் செய்கிற ஸ்பிரே அடித்து, காயவைத்து, "டக்" என்று சத்தம் கேட்கும்படி மாட்டுங்கள். பல சமயம் இதோடு வேலை முடிந்துவிடும், செலவும் மிச்சம்.

எங்கே இருக்கும்?

கிராங்க் சென்சார் வண்டிக்கு வண்டி இடம் மாறும். சிலவற்றில் என்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில், ஃபிளைவீலுக்கு நேராக இருக்கும். சிலவற்றில் முன்பக்கம், பெல்ட் ஓடுகிற கிராங்க் புல்லி பக்கத்தில் இருக்கும். கேம் சென்சார் பெரும்பாலும் என்ஜினின் மேல்பகுதியில், கேம் தண்டு போகிற வழியில் இருக்கும்.

இரண்டுமே பார்வைக்குக் கறுப்பு பிளாஸ்டிக் சாமான்தான். ஒரு போல்ட், ஒரு கப்ளர், அவ்வளவே. ஆனால் கியர் பாக்ஸில் உள்ள வேக சென்சாரையும், ஆயில் அழுத்த சுவிட்சையும் இதுவென்று நினைத்துக் கழற்றிவிடக் கூடாது. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தோ, தெரிந்த மெக்கானிக்கைக் கேட்டோ இடத்தை உறுதி செய்து கொள்ளுங்கள்.

மீட்டர் வைத்துச் சோதிப்பது

இந்த சென்சார்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று காந்தச் சுருள் வகை. இதற்குப் பெரும்பாலும் இரண்டு வயர். இது தானாகவே மின்சாரம் உண்டாக்கும். இன்னொன்று ஹால் வகை. இதற்கு மூன்று வயர்: ஒன்று கரண்ட், ஒன்று எர்த்து, ஒன்று சைகை. கேம் சென்சார் பெரும்பாலும் ஹால் வகைதான். சில காந்தச் சுருள் சென்சாரிலும் மூன்று வயர் இருக்கும், அதில் ஒன்று மேல்கவச வயர். ஆகவே வயரை எண்ணி மட்டும் முடிவு கட்டாமல், எந்த வகை என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

காந்தச் சுருள் வகையானால், சாவியை எடுத்துவிட்டுக் கப்ளரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு ஊசிகளிலும் மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சில நூறிலிருந்து ஆயிரம் ஓம்ஸ் சுமார் காட்டும். சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. பூஜ்யம் காட்டினால் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. சூட்டில் நிற்கிற வண்டியானால், நின்ற உடனே ஒரு தடவையும் ஆறியபின் ஒரு தடவையும் பாருங்கள். சூட்டில் அறுந்ததாகக் காட்டி, ஆறியதும் சரியாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம், சென்சார்தான்.

ஹால் வகையில் ஓம்ஸ் வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் அர்த்தம் இல்லை, உள்ளே இருக்கிற மின்னணுப் பகுதிக்கும் நல்லதல்ல. கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கத்துக் கப்ளரில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் 5 வோல்ட் வரும். அதுவே வராவிட்டால் புது சென்சார் போட்டும் பிரயோசனம் இல்லை, கோளாறு வயரிலோ கம்ப்யூட்டர் பக்கத்திலோ இருக்கலாம். டெஸ்ட் பல்பு வைத்துப் பார்க்காதீர்கள். அது இழுக்கிற கரண்டை கம்ப்யூட்டர் தாங்காது.

மாற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். என்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், கட்டாயம் ஸ்டாண்டு கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. என்ஜின் மேல் ஓடுகிற இரும்புக் குழாய்களின் நட்டை எக்காரணத்தைக் கொண்டும் தளர்த்த வேண்டாம். காமன் ரெயிலில் டீசல் அழுத்தம் 1,600 பார் வரையும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். நம் டயரில் இருப்பது சில பார் அழுத்தம்தான். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தின அளவு காயமாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய பம்ப்பில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்த பழக்கத்தை இங்கே காட்டக் கூடாது.

இனி வேலைக்கு வருவோம்.

1. சென்சாரைச் சுற்றி உள்ள மண்ணையும் பிசுக்கையும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கழற்றும்போது உள்ளே விழும்.

2. கப்ளரின் பூட்டை அமுக்கிக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

3. போல்ட்டை எடுத்துவிட்டு, சென்சாரை இடமும் வலமுமாகக் கையால் மெதுவாகத் திருகி வெளியே இழுங்கள். இறுகியிருந்தால் துரு விடுகிற எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். ஸ்குரு டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளே தங்கிவிடும்.

4. பழைய ஓ ரிங்கும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். துளையைச் சுத்தமான துணியால் மூடுங்கள்.

5. பழைய சென்சாரின் நுனியைப் பாருங்கள். காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம். அதைத் துடைத்தாலே சில சமயம் சரியாகிவிடும். நுனியில் உரசின கீறல் இருந்தால், பல்சக்கரம் ஆடுகிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் உடையும். டார்ச் அடித்து, பல் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. புதுசையும் பழசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம், ஊசி எண்ணிக்கை, கப்ளர் வடிவம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். நுனிக்கும் பல்லுக்கும் நடுவில் இடைவெளி சுமார் 1 மில்லி மீட்டர் அளவுதான். நீளம் கொஞ்சம் குறைந்தாலும் சைகை வராது, கூடினால் பல்லில் இடிக்கும்.

7. ஓ ரிங்கில் கொஞ்சம் என்ஜின் ஆயில் தடவி, சென்சாரைக் கையாலேயே அமுக்கி உட்கார வையுங்கள். சரியாக உட்காராவிட்டால் போல்ட்டால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். பழசோடு தகட்டு வாஷர் இருந்திருந்தால் அதையே போடுங்கள். இல்லாததைப் புதிதாகச் சேர்க்க வேண்டாம்.

8. போல்ட் சின்னது. இதமாக இறுக்கினால் போதும், நீளக் கைப்பிடி போட்டு முறுக்க வேண்டாம். வயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். சைலன்சர் பக்கமோ பெல்ட் பக்கமோ தொங்கக் கூடாது.

பேட்டரி வயரை மாட்டி, ஸ்கேனரில் பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சில வண்டிகளில் புது சென்சாரைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிட வேண்டியிருக்கும். அதையும் ஸ்கேனரில்தான் செய்ய முடியும். பிறகு என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிப் பாருங்கள். சூட்டில் நின்ற வண்டியை ஆறின என்ஜினில் சோதித்து "சரியாகிவிட்டது" என்று சொல்லக் கூடாது. பாரம் ஏற்றுவதற்கு முன்னாலேயே இந்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

சென்சார் வாங்கும்போது வண்டியின் சேஸிஸ் எண்ணைச் சொல்லி, பில் போட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று பேர் தெரியாத சாமானை வாங்கினால், அடுத்த அறுவடையில் திரும்பவும் வழியில் நிற்க வேண்டி வரும். பட்டறையில் மாற்றச் சொன்னால், பழசைக் கையில் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது?

பி 0016 என்ற எண் வந்தால், கிராங்கும் கேமும் சொல்கிற கணக்கு ஒத்துப் போகவில்லை என்று பொருள். டைமிங் செயினோ பெல்ட்டோ பல் தாண்டியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் அடித்துக் கொண்டே இருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிப் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். வாரன்டி உள்ள வண்டியையும் நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

ஓடும்போதே நின்றுவிட்டால்

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். என்ஜின் நின்றதும் ஸ்டியரிங் கனத்துவிடும், ஆனால் திரும்பும். பலமாகப் பிடித்துத் திருப்புங்கள். பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மூச்சாக அழுத்திப் பிடித்து, ஓரங்கட்டி நிறுத்துங்கள். வண்டி ஓடிக் கொண்டிருக்கும்போது சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக் கொள்ளும். நின்றதும் நாலு பக்க விளக்கையும் போட்டு, பின்னால் தூரத்தில் முக்கோண எச்சரிக்கைப் பலகை வையுங்கள். இறக்கத்தில், பாரத்தோடு, ராத்திரியில் இப்படி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "ஆறினால் ஓடுதே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று புரியும்.

உழவுக்கு முன் ஏரைப் பார்க்கிறோம், இறைப்புக்கு முன் மோட்டாரைப் பார்க்கிறோம். அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் வண்டியின் பானெட்டைத் திறந்து, எலி கடித்த வயர் இருக்கிறதா, கப்ளர் லூசாக இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிஷம் போதும். கோளாறு தெரிந்தால் முதலில் வயர், அப்புறம் மீட்டர், கடைசியில்தான் புது சாமான். இந்த வரிசையை விடாமல் பிடித்துக் கொண்டால் பணமும் மிச்சம், சரக்கும் நேரத்துக்குச் சந்தை போய்ச் சேரும்.